செங்கமாரி: மருந்துக்கு முன் பெயரைக் கேட்போம்

வீட்டில் ஒரு பிள்ளையின் கண் மஞ்சளாகிவிட்டால், அந்தச் செய்தி வைத்தியரிடம் போவதற்கு முன்பே அயல் வீடுகளுக்குப் போய்விடுகிறது. ‘பிள்ளைக்குச் செங்கமாரியாம்’ என்று கேள்விப்பட்ட சாச்சி கீழ்க்காய்நெல்லிச் செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு வருவார். ‘எண்ணெய், இறைச்சி ஒன்றும் குடுக்க வேணாம்’ என்பார் மாமி. உம்மும்மா தண்ணீர் ஓதித் தருவார். பக்கத்து வீட்டு ராத்தா, கைமருந்து கொடுக்கும் ஒருவரின் விலாசத்தைச் சொல்லி, ‘மூன்று நாளில் இறங்கிவிடும்’ என்று ஆறுதல் கூறுவார். அத்தனையும் அன்பினால் வருபவை. ஆனால், அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: ‘இது எந்தச் செங்கமாரி?’

செங்கமாரி என்பது ஒரு தனி நோயின் பெயரன்று. காய்ச்சலைப் போல அது ஓர் அறிகுறி. அதன் பின்னால் வெவ்வேறு நோய்கள் இருக்கலாம். அவற்றுள் ஒன்று சில வாரங்களில் தானாகவே குணமாகும். இன்னொன்று கர்ப்பிணித் தாயைச் சில நாட்களில் உயிராபத்தில் தள்ளக்கூடும். வேறொன்று கண்ணை மஞ்சளாக்காமலே இருபது, முப்பது ஆண்டுகள் ஈரலை அரித்துக்கொண்டிருக்கும். மற்றொன்றை 12 வார மாத்திரைகளால் முற்றாகக் குணப்படுத்தலாம். இவை எல்லாவற்றுக்கும் ஒரே கைமருந்தை, ஒரே பத்தியத்தை, ஒரே அச்சத்தை நாம் வைத்திருக்கிறோம். பெயர் தெரிந்த பின்னரே சரியான மருந்தும் தெரியும், தேவையற்ற பயமும் நீங்கும். அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது?

நமது குருதியிலுள்ள செங்குருதிக் கலங்கள் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்ந்து அழிகின்றன. அவை அழியும்போது பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் உண்டாகிறது. அதனைக் குருதியிலிருந்து பிரித்தெடுத்து, பித்தத்துடன் கலந்து குடலுக்கு அனுப்புவது ஈரலின் வேலைகளில் ஒன்று. மலத்தின் இயல்பான நிறம்கூட அதிலிருந்தே கிடைக்கிறது.

ஈரல் அழற்சியடைந்தால் இந்த வேலை தடைப்படுகிறது. பிலிருபின் குருதியிலேயே தேங்கி, முதலில் கண்ணின் வெண்பகுதியிலும் பின்னர் தோலிலும் மஞ்சளாகத் தெரிகிறது. சிறுநீர் கடுஞ்சாயத் தேநீர் போலக் கருக்கிறது. மலம் வெளிறிப்போகலாம். மஞ்சள் தெரிவதற்குச் சில நாட்களுக்கு முன்பே காய்ச்சல், உடற்சோர்வு, சத்தி, சாப்பாட்டின் மணத்தையே பொறுக்க முடியாத வெறுப்பு, வயிற்றின் வலது மேற்பக்க நோவு ஆகியன தோன்றுவது வழக்கம். கண்ணைப் பார்ப்பதானால் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இரவில் மின்குமிழின் மஞ்சள் ஒளியில் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று முடிவு செய்வது தவறாகிவிடும்.

ஈரல் அழற்சிக்கு வைரசு மட்டுமே காரணமென்று எண்ணிவிடக் கூடாது. வயல் வேலை செய்பவர்களையும் வெள்ளநீரில் இறங்கியவர்களையும் தாக்கும் எலிக்காய்ச்சலிலும் கண் மஞ்சளாகும். அது பக்டீரியாவால் வருவது. அதற்கு அன்டிபயோட்டிக் மருந்து உண்டு, அதைத் தாமதமின்றித் தொடங்க வேண்டும். ‘செங்கமாரிதானே’ என்று நான்கு நாட்கள் கைமருந்தில் கழித்தால் அதற்குள் சிறுநீரகம் செயலிழந்துவிடலாம். பித்தப்பைக் கல், அளவுக்கு மீறிய பரசிட்டமோல், மதுபானம், சில மருந்துகள், செங்குருதிக் கலங்கள் விரைவாக அழியும் நோய்கள் ஆகியவற்றாலும் மஞ்சள் தோன்றும். ஆகவே, முதற் கேள்வி ‘இது வைரசுதானா?’ என்பதாகவும், இரண்டாவது கேள்வி ‘எந்த வைரசு?’ என்பதாகவும் இருக்க வேண்டும்.

ஒரே சஹனும் இரு நோயாளிகளும்

ஈரலைக் குறிவைத்துத் தாக்கும் வைரசுகளில் முக்கியமானவை ஐந்து. அவற்றை ஹெபடைட்டிஸ் ஏ, பீ, சீ, டீ, ஈ என அழைக்கின்றனர். ஏ, ஈ ஆகிய இரண்டும் வாய் வழியாக, அதாவது நோயாளியின் மலத்தால் மாசடைந்த நீர், உணவு, கை ஆகியவற்றின் மூலம் தொற்றுபவை. பீ, சீ, டீ ஆகிய மூன்றும் குருதி வழியாகத் தொற்றுபவை. பீ தாயிடமிருந்து பிள்ளைக்கும், தாம்பத்திய உறவின் மூலமும் எளிதில் தொற்றும். டீ தனித்து வாழாது. பீ உள்ளவரிடம் மட்டுமே அது குடியேறும்.

இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியமானது என்பதற்கு நமது சஹன் சாப்பாட்டையே உதாரணமாகக் கொள்ளலாம். ஒரு கல்யாண வீட்டில் ஒரே சஹனில் பலர் கை வைத்துச் சாப்பிடுகிறார்கள். அவர்களில் ஒருவருக்கு ஹெபடைட்டிஸ் ஏ இருந்து, அவர் கழிவறைக்குச் சென்று வந்து சவர்க்காரம் போட்டுக் கை கழுவாதிருந்தால், மற்றவர்களுக்கு அது தொற்றக்கூடும். அவருக்குக் கண் மஞ்சளாகியிருக்க வேண்டும் என்பதுமில்லை. மஞ்சள் தோன்றுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பிருந்தே அவரது மலத்தில் வைரசு வெளியேறிக்கொண்டிருக்கும். அதே சஹனில் ஹெபடைட்டிஸ் பீ உள்ள ஒருவர் சேர்ந்து சாப்பிட்டால் யாருக்கும் எதுவும் தொற்றாது. அவரோடு முஸாபஹா செய்வதாலும், அவர் குடித்த கோப்பையில் குடிப்பதாலும், பக்கத்திலிருந்து தொழுவதாலும் பீ பரவுவதில்லை.

நடைமுறையிலோ நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். ஏ உள்ள பிள்ளை கை கழுவியதா என்று பார்ப்பதில்லை. பீ உள்ளவருக்கோ தனிக் கோப்பை வைத்து மனதைப் புண்படுத்துகிறோம். பெயரை அறியாமையின் விளைவு இது.

காஷ்மீர் தந்த பாடம்

ஒரு நோய்க்குப் பெயர் கிடைப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதைக் காஷ்மீரின் வரலாறு காட்டுகிறது. 1978 ஆம் ஆண்டின் இறுதியில் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கின் கிராமங்களில் செங்கமாரி பெருமளவில் பரவியது. மாசடைந்த குடிநீரே அதற்குக் காரணம். ஏறத்தாழ 52,000 பேர் பாதிக்கப்பட்டதாகக் கணக்கிடப்பட்டது. அங்கு பணியாற்றிய முஹம்மத் சுல்தான் குரூ என்ற இளம் வைத்தியர் ஒரு விடயத்தைக் கவனித்தார். இறந்தவர்களில் கர்ப்பிணிகள் வழக்கத்துக்கு மாறாக அதிகமாக இருந்தனர். அக்காலத்தில் ஏ, பீ ஆகிய இரண்டுக்கும் குருதிப் பரிசோதனை வந்துவிட்டது. நோயாளிகளின் குருதியைப் பரிசோதித்தபோது இரண்டுமே இல்லையெனத் தெரிந்தது. இது நாம் அறியாத இன்னொரு வைரசாக இருக்க வேண்டுமென 1980 இல் அவர் எழுதினார்.

டெல்லியில் 1955-56 இல் யமுனை நதியின் நீர் கழிவுநீருடன் கலந்ததால் ஏறத்தாழ 29,000 பேருக்குச் செங்கமாரி ஏற்பட்டிருந்தது. அதுவும் ஹெபடைட்டிஸ் ஏ என்றே நீண்ட காலம் நம்பப்பட்டது. சேமித்து வைக்கப்பட்டிருந்த குருதி மாதிரிகளை ஆராய்ந்தபோது அதுவும் ஏ அல்ல என்பது தெரியவந்தது.

அந்த வைரசைக் கண்ணால் கண்டவர் மிகைல் பலயான் என்ற சோவியத் விஞ்ஞானி. ஆப்கானிஸ்தானில் நோயுற்ற படைவீரர்களின் மல மாதிரியிலிருந்து எடுத்த சாற்றைத் தாமே குடித்து, தம்மை நோயாளியாக்கிக்கொண்டு, தம் உடலிலிருந்து வெளியேறிய வைரசை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தார். 1983 இல் அது வெளியாகியது. பின்னர் அந்த வைரசு ஹெபடைட்டிஸ் ஈ எனப் பெயர் பெற்றது.

பொதுவாக ஈ தானாகக் குணமாகும். ஆனால் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் அது தொற்றினால் 20 முதல் 25 சதவீதமானோர் வரை இறக்கக்கூடும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எனவே, கர்ப்பிணியின் கண் மஞ்சளானால் அயலவரின் ஆலோசனைக்குக் காத்திராமல் அன்றைய தினமே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒரேயொரு வரியை மட்டும் நினைவில் வைப்பதானால் அது இதுவாகவே இருக்கட்டும்.

வைத்தியர் பெயரை எவ்வாறு கண்டறிகிறார்?

முதற் பரிசோதனை பேச்சுத்தான். எப்போது தொடங்கியது? வீட்டில் வேறு யாருக்கும் இருக்கிறதா? குடிநீர் எங்கிருந்து வருகிறது? வயலில் இறங்கினீர்களா? என்ன மருந்து குடித்தீர்கள்? குருதி ஏற்றப்பட்டதா? கர்ப்பமா? இக்கேள்விகளுக்கு மறைக்காமல் பதில் சொல்ல வேண்டும். கைமருந்து குடித்திருந்தால் அதையும் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும்.

அடுத்தது குருதிப் பரிசோதனை. இதில் இரண்டு வகை உண்டு என்பதைப் பெற்றோர் புரிந்துகொள்வது நல்லது.

முதல் வகை, ஈரல் எவ்வளவு பாதிக்கப்பட்டுள்ளது என்பதைக் காட்டும். பிலிருபின் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பது ஒன்று. எஸ்.ஜீ.பீ.டீ. என்ற பழைய பெயராலும் ஏ.எல்.டீ. என்ற புதிய பெயராலும் ரிப்போர்ட்டில் காணப்படும் நொதியம் மற்றொன்று. இந்நொதியம் ஈரற் கலங்களுக்குள் இருப்பது. கலங்கள் சிதையும்போது குருதிக்குள் கசிகிறது. சாதாரணமாக 40 அளவுக்குள் இருக்கும் இது, புதிதாக வந்த வைரசு அழற்சியில் ஆயிரத்தையும் தாண்டலாம். குருதி உறைய எடுக்கும் நேரத்தையும் பார்ப்பார்கள். உறைதலுக்கு வேண்டிய புரதங்களை ஆக்குவது ஈரலே. ஆகையால் குருதி உறையத் தாமதித்தால் ஈரல் களைத்துவிட்டது என்று பொருள். எஸ்.ஜீ.பீ.டீ. இறங்குவதைக் கண்டு மகிழ்வதற்கு முன் வைத்தியர் இதனையும் பார்ப்பது அதனாற்றான்.

ஆனால் இந்த முதல் வகைப் பரிசோதனை எந்த வைரசு என்பதைச் சொல்லாது. அதைச் சொல்வது இரண்டாம் வகை. ஒரு கிருமி உள்ளே வந்தால் நமது உடல் அதற்கெதிராகப் பிறபொருளெதிரிகளை உண்டாக்குகிறது. அவற்றுள் ஐ.ஜீ.எம். என்பது புதிய தொற்றின் அடையாளம். ஐ.ஜீ.ஜீ. என்பது எப்போதோ வந்துபோன தொற்றையோ, சிலவேளை தடுப்பூசியையோ காட்டும். ஏ வைரசுக்கு எதிரான ஐ.ஜீ.எம். இருந்தால் இப்போது வந்திருப்பது ஹெபடைட்டிஸ் ஏ. ஈ வைரசுக்கும் அவ்வாறே. பீ வைரசுக்கு மாத்திரம் வைரசின் மேலுறையிலுள்ள ஒரு புரதத்தையே நேரடியாகத் தேடுகிறார்கள். அதுதான் எச்.பீ.எஸ். அன்டிஜன். அது இருந்தால் வைரசு இப்போது உடலில் இருக்கிறது.

பித்தக் குழாயில் கல்லோ அடைப்போ உண்டா என்பதை ஸ்கேன் காட்டும். எலிக்காய்ச்சல் சந்தேகமிருந்தால் அதற்கும் தனிப் பரிசோதனை உண்டு. அதற்கான மருந்தை ரிப்போர்ட் வரும்வரை காத்திராமலே வைத்தியர் தொடங்கிவிடுவார்.

ஏ, ஈ: மருந்தைவிடக் கவனிப்பு

ஹெபடைட்டிஸ் ஏ, ஈ ஆகியவற்றில் வைரசைக் கொல்லும் மருந்து வழமையாகத் தேவைப்படுவதில்லை. நமது உடலே அதை வென்றுவிடும். ஓய்வு, போதிய நீர், சாப்பிடக்கூடிய உணவைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுத்தல் ஆகியனவே சிகிச்சை. எண்ணெயும் இறைச்சியும் நஞ்சல்ல. பிள்ளைக்குப் பிடிக்காவிட்டால் கொடுக்கத் தேவையில்லை, பிடித்தால் அளவோடு கொடுக்கலாம். கடும் பத்தியத்தால் பிள்ளை மெலிவதே மிச்சம். காய்ச்சலுக்குப் பனடோல் கொடுப்பதானாலும் வைத்தியரிடம் அளவைக் கேட்டே கொடுக்க வேண்டும். அதை உடைத்து வெளியேற்ற வேண்டியது ஏற்கெனவே நோயுற்றிருக்கும் ஈரல்தான்.

கைமருந்தால் குணமானவர்கள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதைதான் இது. நம் ஊர்களில் பிள்ளைகளுக்கு வரும் செங்கமாரியில் பெரும்பகுதி ஹெபடைட்டிஸ் ஏ ஆகும். அது எதைக் குடித்தாலும், ஒன்றும் குடிக்காவிட்டாலும், சில வாரங்களில் இறங்கிவிடும். பெயர் மட்டும் மருந்துக்குப் போய்ச் சேர்கிறது.

கீழ்க்காய்நெல்லியை விஞ்ஞானிகள் அலட்சியம் செய்யவுமில்லை. ஹெபடைட்டிஸ் பீ வைரசைக் கண்டறிந்து 1976 இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பேர்க், சென்னை ஆய்வாளர்களுடன் சேர்ந்து அதை ஆராய்ந்தார். 1988 இல் வெளியான அந்த ஆய்வில், மருந்து பெற்ற 37 பேரில் 22 பேரிடம் பீ வைரசின் மேலுறைப் புரதம் மறைந்ததாகக் கூறப்பட்டது. உலகமே ஆவலுடன் பார்த்தது. ஆனால் பின்னர் பலரும் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் மீண்டும் கிடைக்கவில்லை. ஆகையால் இன்று அது ஹெபடைட்டிஸுக்கான சிகிச்சையாக ஏற்றுக்கொள்ளப்படவில்லை. செடி நல்லதா கெட்டதா என்பதைவிட, இன்னதென்று தெரியாத கலவைகள் நோயுற்ற ஈரலுக்குச் சுமையாகும் என்பதும், கைமருந்தில் கழியும் நாட்கள் திரும்பி வராது என்பதுமே கவலைக்குரியவை. ஓதிப் பார்ப்பதும் துஆக் கேட்பதும் வைத்தியத்துக்கு எதிரானவையல்ல. வைத்தியம் செய்துகொண்டே துஆக் கேட்பதுதான் நாம் அறிந்த வழி.

சிலரில், அரிதாகவேனும், ஈரல் திடீரெனச் செயலிழக்கும். பகலில் தூங்கி இரவில் விழித்திருத்தல், பிதற்றுதல், ஆட்களை அடையாளம் காணாமை, நிற்காத சத்தி, முரசிலிருந்தோ மூக்கிலிருந்தோ குருதி வடிதல், வயிறு வீங்குதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

ஹெபடைட்டிஸ் ஏ உறுதியான பிள்ளையை, மஞ்சள் தோன்றியதிலிருந்து குறைந்தது ஒரு வாரத்துக்காவது பாடசாலைக்கு அனுப்பாதிருப்பது மற்றப் பிள்ளைகளுக்குச் செய்யும் உதவி. வீட்டில் கொதித்தாறிய நீரையே குடிக்க வேண்டும். நீர் நன்றாகக் கொதித்துத் தளும்பி ஒரு நிமிடமாவது ஆக வேண்டும். வுளூச் செய்கிறோமே, கை சுத்தந்தானே என்று சிலர் நினைக்கிறார்கள். கழிவறையிலிருந்து வந்த கைக்கு நீர் மட்டும் போதாது, சவர்க்காரமும் வேண்டும்.

கண் மஞ்சளாகாத செங்கமாரி

இதுவரை கூறியவை கண்ணுக்குத் தெரிபவை. தெரியாதவையே அதிக உயிர்களைக் கொல்கின்றன. உலகில் 2022 ஆம் ஆண்டில் வைரசு ஈரல் அழற்சியால் 13 இலட்சம் பேர் இறந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஹெபடைட்டிஸ் பீ, சீ ஆகியவற்றால், ஈரல் சுருங்கியோ ஈரற் புற்றுநோய் வந்தோ இறந்தவர்கள். அவ்வாண்டில் 25 கோடிக்கும் அதிகமானோர் பீ வைரசுடன் வாழ்ந்தனர். ஆனால் தமக்கு அது இருப்பதை அறிந்தவர்கள் 13 சதவீதத்தினரே.

பீ வைரசில் வயது முக்கியமானது. வளர்ந்தவருக்குத் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவானோரிடமே அது நிலைத்திருக்கும். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் நூற்றில் ஏறத்தாழ தொண்ணூறு குழந்தைகளிடம் அது வாழ்நாள் முழுவதும் தங்கிவிடும். அக்குழந்தைக்கு மஞ்சளும் வராது, காய்ச்சலும் வராது. நாற்பது வயதில்தான் விடயம் வெளியே வரும்.

நமது ஊர்களில் இந்த வைரசு வெளிப்படும் இடம் பெரும்பாலும் வெளிநாட்டு மெடிக்கல்தான். வளைகுடா நாட்டுக்குச் செல்ல ஆயத்தமான ஓர் இளைஞருக்கு எச்.பீ.எஸ். அன்டிஜன் பொசிட்டிவ் என்று வருகிறது. ‘மெடிக்கல் பெயில்’ என்ற இரண்டு வார்த்தைகளோடு அவர் வீடு திரும்புகிறார். கடன் வாங்கிக் கட்டிய பணம் ஒருபுறம், பேசி வைத்த கல்யாணம் மறுபுறம். காரணம் என்னவென்று ஊர் கேட்கிறது. அவருக்கே தெரியாது. வெட்கத்தால் அவர் அந்த ரிப்போர்ட்டை அலுமாரிக்குள் ஒளித்து வைக்கிறார். மெடிக்கல் பெயிலானது பெரிய இழப்பன்று. அந்த ரிப்போர்ட் ஒளித்து வைக்கப்பட்டதே பெரிய இழப்பு.

அவர் செய்ய வேண்டியது, அதை எடுத்துக்கொண்டு அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக்குக்குச் செல்வதுதான். ஆறு மாதங்களின் பின்னரும் அது பொசிட்டிவாக இருந்தால்தான் நாட்பட்ட தொற்று என்பார்கள். பின்னர் குருதியில் வைரசின் அளவு, எஸ்.ஜீ.பீ.டீ., ஈரலின் நிலை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். எல்லோருக்கும் மருந்து தேவைப்படாது. தேவைப்படுவோருக்குத் தெனொஃபொவிர், என்டகாவிர் போன்ற மாத்திரைகள் உண்டு. நாளுக்கு ஒன்று, நீண்ட காலத்துக்கு. அவை வைரசை அடக்கிவைக்கும், முற்றாக ஒழிப்பது அரிது. சுகம் வந்துவிட்டதென்று தானாக நிறுத்தினால் அழற்சி மீண்டும் கடுமையாக எழக்கூடும். மருந்து தேவையில்லாதவரும் காலத்துக்குக் காலம் குருதிப் பரிசோதனைக்கும், வைத்தியர் கூறினால் ஆறு மாதத்துக்கொரு ஸ்கேனுக்கும் போக வேண்டும்.

அவர் கல்யாணம் செய்யலாமா? தாராளமாகச் செய்யலாம். மணமகளுக்குக் குருதிப் பரிசோதனை செய்து, பாதுகாப்பு இல்லாவிட்டால் 0, 1, 6 என்ற மாதக் கணக்கில் மூன்று தடுப்பூசிகள் போட்டுக்கொண்டால் போதும். இதற்கு வேண்டியது ஆறு மாத அவகாசமும், இரு குடும்பங்களுக்கிடையே உண்மை பேசும் துணிவும் மட்டுமே. மறைத்துக் கல்யாணம் செய்வதும் தவறு. அறியாமல் கல்யாணத்தை முறிப்பதும் தவறு.

பீ உள்ள தாய் பிள்ளை பெறலாமா? பெறலாம். வைரசின் அளவு அதிகமாயிருந்தால் கர்ப்பத்தின் பிற்பகுதியில் தாய்க்குத் தெனொஃபொவிர் கொடுப்பார்கள். குழந்தை பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் முதலாவது தடுப்பூசியும் இம்யூனோகுளோபியூலின் ஊசியும் போடப்பட்டால், பெரும்பாலான குழந்தைகள் தப்பிவிடும். தாய்ப்பாலையும் கொடுக்கலாம். இவையெல்லாம் நடக்க வேண்டுமானால் தாய்க்கு பீ இருப்பது பிரசவத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஆகவே, கர்ப்பகாலக் கிளினிக்கில் அந்தப் பரிசோதனையைப் பற்றிக் கேட்பது ஒரு தாயின் உரிமை.

இலங்கையில் 2003 இலிருந்து ஹெபடைட்டிஸ் பீ தடுப்பூசி குழந்தைகளுக்கான தேசியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. இன்று இரண்டு, நான்கு, ஆறாம் மாதங்களில் கிளினிக்கில் போடும் ஊசிக்குள் அதுவும் அடங்கியிருக்கிறது. இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் மாணவியரில் பெரும்பாலானோர் அதைப் பெற்றவர்களே. அவர்களுடைய உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் அது சிறுவயதில் கிடைக்கவில்லை. வீட்டில் பாதுகாப்புள்ளவள் மகள், பாதுகாப்பற்றவர்கள் பெற்றோர். இதை மகள்தான் வீட்டில் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எகிப்து காட்டிய வழி

ஹெபடைட்டிஸ் சீ வைரசு 1989 இல் கண்டறியப்பட்டது. அதற்காக ஹார்வி ஆல்டர், மைக்கல் ஹவுட்டன், சார்ள்ஸ் ரைஸ் ஆகிய மூவருக்கும் 2020 இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வைரசால் உலகிலேயே மிக அதிகமாக வதைபட்ட நாடு எகிப்து. நைல் நதிக்கரை விவசாயிகளைப் பீடித்த பில்ஹார்சியா என்ற புழுநோயை ஒழிக்க 1950 களிலிருந்து பல ஆண்டுகள் ஊசி போட்டார்கள். நல்ல எண்ணத்துடன் செய்த வேலைதான். ஆனால் ஒரே ஊசி சரியாகக் கிருமி நீக்கப்படாமல் பலருக்குப் பாவிக்கப்பட்டது. ஒரு நோயைத் தீர்த்த ஊசி இன்னொரு நோயை ஊர் ஊராக விதைத்தது. பத்தில் ஒருவருக்குச் சீ வைரசு இருக்கும் நிலைக்கு நாடு வந்தது.

2013 இன் இறுதியில் சொஃபொஸ்புவிர் என்ற மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வேறொரு மாத்திரையுடன் சேர்த்துப் பொதுவாக 12 வாரங்கள் குடித்தால் நூற்றில் 95 பேருக்கு மேல் முற்றாகக் குணமாவர். அப்போது அமெரிக்காவில் அதன் விலை 84,000 டொலராக இருந்தது. எகிப்து பேரம் பேசி அதை 900 டொலருக்கு வாங்கியது. பின்னர் தானே உற்பத்தி செய்து இன்னும் மலிவாக்கியது. 2018 இல் நாடு முழுவதும் பரிசோதனை இயக்கம் தொடங்கி, ஏழு மாதங்களில் ஏறத்தாழ ஐந்து கோடிப் பேரைப் பரிசோதித்தது. விரல் நுனியில் ஒரு துளிக் குருதி, சில நிமிடங்களில் முடிவு. பிறபொருளெதிரி இருந்தால், வைரசு இன்னும் இருக்கிறதா என்பதைக் காண இரண்டாவது பரிசோதனை. இது அவசியம். தானாகக் குணமானவரின் குருதியிலும் பிறபொருளெதிரி நீடித்திருக்கும் என்பதே காரணம். வைரசு இருந்தவர்களுக்கு மாத்திரை இலவசமாகக் கொடுக்கப்பட்டது. 2023 ஒக்டோபரில், சீ வைரசை ஒழிக்கும் பாதையில் முன்னணியில் நிற்கும் முதல் நாடென உலக சுகாதார நிறுவனம் எகிப்தை அங்கீகரித்தது.

மருந்து மட்டும் இதைச் சாதிக்கவில்லை. நோயின் அறிகுறி எதுவுமில்லாத கோடிக்கணக்கான மக்கள் வந்து கையை நீட்டியதே இதைச் சாதித்தது.

நம் கையில் உள்ளவை

நாம் ஐந்து கோடிப் பேரைப் பரிசோதிக்க வேண்டியதில்லை. நமது வீட்டை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ செல்லும் வாப்பாவின் பையில் அவருக்கென்றே ஒரு புதிய சவர அலகை வைத்து அனுப்புவோம். பலரின் தலையைச் சிரைத்த ஒரே அலகினால் பீயும் சீயும் தொற்றலாம். உலர்ந்த குருதியில்கூட பீ வைரசு ஏழு நாட்கள் உயிர்த்திருக்கும். தம்பியின் சுன்னத்துக்கும் தங்கையின் காது குத்தலுக்கும் கருவி கிருமி நீக்கப்பட்டதா என்று கேட்போம். பல் தூரிகையையும் சவர அலகையும் வீட்டிலும் மாற்றிப் பாவிக்காதிருப்போம். கிளினிக் அட்டையை எடுத்து நமக்கு மூன்று ஊசிகளும் போடப்பட்டனவா என்று பார்ப்போம். இளம் வயதில் குருதி ஏற்றப்பட்டவர்களும், குடும்பத்தில் ஈரற் புற்றுநோய் கண்டவர்களும், மெடிக்கலில் பெயிலானவர்களும் ஒருமுறை கிளினிக்குக்குப் போய் வரச் செய்வோம்.

அடுத்த முறை அயல் வீட்டில் ‘செங்கமாரியாம்’ என்ற சொல் எழும்போது, சாச்சியின் கையிலிருக்கும் செடியை நாம் தட்டிவிடத் தேவையில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ‘சாச்சி, எந்தச் செங்கமாரி என்று முதலில் டொக்டரிடம் கேட்போமா?’ என்று மரியாதையோடு கேட்டால் போதும். அந்தக் கேள்வியால் ஒரு கர்ப்பிணி உரிய நேரத்தில் வைத்தியசாலையை அடையலாம். அலுமாரிக்குள் ஒளிந்திருந்த ஒரு ரிப்போர்ட் வெளியே வரலாம். நின்றுபோகவிருந்த ஒரு கல்யாணம் நடக்கலாம். அதற்கான தைரியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக.